இரண்டு இசட்டும் ஒரு குடையும்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அடக்கத்தில் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிஜமாகவே தெரியாது. மூன்றாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் பேசிப் பிரிந்துகொண்டோம். இரண்டு தரப்புக்கும் அதில் வருத்தம் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுத உட்கார்ந்தால் மூன்று ல-வும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். எங்கள் அச்சாபீஸில் புரூப் பார்க்கிற சார் அவற்றை விலக்கிவிட்டு, அதனதன் இடத்தில் உட்காரவைத்த பிறகுதான் இது உங்கள் கைக்கு வருகிறது.

ஆனால் ஒன்று சொல்வேன். இந்தச் சிவகாசியில் என் அளவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்குத் தங்கம் பூசியவன் குறைவு. கல்யாணப் பத்திரிகையில், டைரி அட்டையில், ஊதுபத்தி டப்பாவில் எழுத்து பொன்னாக மின்னுகிறதே, அது என் கைவேலை. ஃபாயில் மெஷின் ஓட்டுகிறேன். எழுத்தைப் பித்தளையில் வெட்டி வைத்திருப்பார்கள், அதற்கு பிளாக் என்று பேர். பிளாக்கைச் சூடேற்றி, தங்கக் கலர் ஃபாயிலை நடுவில் ஓடவிட்டு, அட்டையின் மேல் ஒரு அழுத்து. படித்தவர்கள் எழுத்தை வாசிப்பார்கள், நான் சுடவைப்பேன்.

எழுத்துகளை உருவத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம். ஓ என்றால் உளுந்தவடை. எம் என்றால் ஒட்டிக் கட்டிய இரண்டு கூரை வீடு. ஐ என்றால் லைட் கம்பம். இசட் என்றால் சரியாக விரியாத மடக்கு நாற்காலி. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு எழுத்தையும் தலைகீழாக அடித்ததில்லை. இரண்டு முறை அடித்திருக்கிறேன், ஆனால் இரண்டு முறையும் அது ஓ.

என் மெஷினுக்குக் கீழே ஒரு டிராயர் உண்டு. ஆர்டர் நின்றுபோன பிளாக்குகள் அதில் கிடக்கும். அதில் ஒன்றின் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஒரு லைட் கம்பம், பக்கத்தில் இரண்டு மடக்கு நாற்காலி, மூன்றின் தலையிலும் தீப்பொறி பறக்கிற மாதிரி வெட்டு. ஐ, இசட், இசட். ஏதோ ஒரு சோடாக்காரர் பாட்டில் லேபிளுக்குச் செய்யச் சொன்னது. முதல் எழுத்து மட்டும் சிவப்பு மையில் வரவேண்டும் என்றதால் மீதி மூன்றை மட்டும் பித்தளையில் வெட்டினோம். அப்புறம் அந்தச் சோடாவையும் காணோம், சோடாக்காரரையும் காணோம். பிளாக் டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எழுப்பியது என் வீட்டுக்காரி.

அவள் எம்.புதுப்பட்டி ஊர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறாள். பத்து பாஸ். எங்கள் வீட்டில் கரண்ட் பில்லை வாசிப்பது அவள், திட்டுவது நான். பல வருஷமாகக் கூலிக்குத்தான் பேக்கிங். எப்போது உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் காண்ட்ராக்டர் சொல்வதுதான். மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே விழுங்க வேண்டும். அந்தக் காண்ட்ராக்டை என்றைக்காவது தானே எடுத்து, தன்னோடு வேலை பார்க்கிற பெண்கள் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்காரும்படி செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நகை ஆசை இல்லை, பட்டுச்சேலை ஆசை இல்லை. கால் நீட்டுகிற ஆசை. சிரிக்கிற ஆசாமியான நானே இதற்கு மட்டும் சிரித்ததில்லை.

ஒரு நாள் கம்பெனி முதலாளி அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "இந்த சீசனுக்குப் புதுசா ஒரு கிஃப்ட் பாக்ஸ் போடுவோம். பத்து ஐட்டம். பேரு, லேபிளு, பேக்கிங் எல்லாம் நீயே பாத்துக்கம்மா. விருதுநகர்க் கடைக்கு முதல் லோடு ஒழுங்கா ஏறிருச்சுன்னா பேக்கிங் காண்ட்ராக்ட உனக்கே குடுத்துர்றேன். ஏறலைன்னா பழையபடி கூலிதான், மனசுல ஒண்ணும் வச்சுக்கிரக் கூடாது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சேலை முந்தானையைக்கூட உதறாமல் உட்கார்ந்து பேர் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் உதவிக்குப் போனேன்.

"சாமி பேரு வைய்யேன். முருகன், பிள்ளையார்னு பத்து சாமிக்கா பஞ்சம்?"

"வேண்டாம். போன வருசம் ஒரு கடை வாசல்ல, சாமி படத்தைக் கிழிச்சுத் தெருவுல போடுறீகளேன்னு பெரிய சண்டையாப் போச்சாம். அண்ணாச்சி கண்டிசனாச் சொல்லிட்டாரு."

"அப்ப நடிகர் மாதிரி ஒரு படம் போடு."

"அப்படிப் போட்டா அடுத்த நடிகரோட ஆளுக வருவாக."

"பூ?"

"எல்லாப் பூவையும் பெரிய கம்பெனிக்காரக எடுத்துக்கிட்டாக. ஊமத்தம்பூதான் பாக்கி."

"என் பேரையாவது வைய்யி."

"வாங்குனவன் நமத்துப்போச்சுன்னு திருப்பிக் கொண்டுவருவான்."

சாப்பாடு வைக்கிற வரைக்கும் நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டிராயரில் கிடக்கிற பிளாக் ஞாபகத்துக்கு வந்தது. புதுசாகப் பத்துப் பேருக்கும் பித்தளை பிளாக் வெட்டுவது என்றால் அண்ணாச்சி காசிக்குப் போய்விடுவார். இருக்கிற ஒரு பிளாக்கைப் பத்து லேபிளிலும் தங்கத்தில் அடித்து, முன்னே பின்னே உள்ள எழுத்தைச் சாதா கலரில் ஓட்டிவிட்டால்? பெட்டியைத் திறந்ததும் பத்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி மின்னும். எங்கள் அச்சாபீஸ் முதலாளியும், "குப்பையிலதான கெடக்கு, அடிச்சுக்கோ" என்றுவிட்டார்.

இனி அந்த மூன்று எழுத்து சேர்ந்தாற்போல வருகிற பத்து வார்த்தை வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத வார்த்தை. யார் மனதும் புண்படாத வார்த்தை.

புரூப் சாரிடம் போனேன். விருதுநகர்ப் பக்கம் சூலக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான டிக்‌ஷனரி எங்களிடம் அச்சாகிறபோது எழுத்து எழுத்தாகப் பார்ப்பவர் அவர்தான். யாரும் உபயோகிக்காத பழைய இங்கிலீஷ் வார்த்தை என்றால் சாருக்கு உயிர். டீ குடிக்கிற இடத்தில் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். நாங்கள் டம்ளரோடு நகர்ந்துகொண்டே போவோம், அவர் பேசிக்கொண்டே வருவார். அப்படிப்பட்டவரிடம் ஒருவன் தானாகப் போய் நின்றால் எப்படி இருக்கும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைத் திரும்பப் பார்த்தார்.

"எதுக்குப்பா உனக்கு வார்த்தை?"

"பட்டாசுக்கு சார்."

"ரொம்பப் பழசா இருந்தாப் பரவாயில்லையா?"

"செத்துப்போனதா இருந்தா இன்னும் விசேசம் சார். வாரிசு யாரும் வந்து கேஸு போடாம இருந்தாச் சரி."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அந்த அச்சாபீஸில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஃபிஸ்கிக். ஒரு இசட் போட்டும் எழுதுவான், ரெண்டு போட்டும் எழுதுவான். நமக்கு ரெண்டு. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் சீறிக்கிட்டுப் போற சின்ன வாணத்துக்கு வச்ச பேரு. துள்ளித் திரியுற பொம்பளப் பிள்ளையையும் அப்படித்தான் சொல்லுவான்."

"வெளிநாட்டுலயும் பட்டாசுக்கும் பொம்பளப் பிள்ளைக்கும் ஒரே பேருதானா சார்?"

"எழுதிக்கோ."

"நீங்களே எழுதிருங்க சார், எனக்கு எழுத வராது."

இஸ்ஸர்ட் என்று அடுத்து ஒன்று சொன்னார். இசட் என்கிற எழுத்துக்கே பழைய காலத்தில் அதுதான் பேராம். என் மடக்கு நாற்காலிக்கு இப்படி ஒரு குடும்பப் பேர் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. மிஸ்ஸன் என்பது கப்பலின் பின்பக்கப் பாய். டிஸ்ஸி என்றால் கையும் காலும் ஓடாமல் பதறுவது. தரையில் தறிகெட்டு ஓடுகிற சக்கரத்துக்கு அதை வைத்தோம். கிரிஸ்ஸில் என்றால் நொணநொணவென்று சிணுங்குவது, சரத்துக்கு ஆச்சு. டிஸ்ஸர்ட் என்று ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சார் என் முகத்தையே பார்த்தார். "ஊரைச் சிரிக்க வைக்கிற மடையன்னு அர்த்தம். இப்ப யாரும் சொல்றதில்ல."

"ஆள் இல்லாமயா சார்?"

"ஆள் இருக்கு. வார்த்தைதான் இல்ல."

இன்னொரு வார்த்தையை எழுதிவிட்டு உடனே அடித்துவிட்டார். என்னவென்று கேட்டேன். இருமினார். விடவில்லை நான். "அது காளை மாட்டோட..." என்று ஆரம்பித்து மறுபடி இருமி, பேச்சை மிஸ்ஸிலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"மிஸ்ஸில்னா தூறல். பொசுபொசுன்னு விழுமே, அது."

எனக்கு மனதுக்குள் புஸ்வாணம் எரிந்தது. தரையில் வைத்துக் கொளுத்தினால் பொறி மேலே போய்ப் பூப்பூவாகக் கீழே கொட்டுமே, அதற்கு இதைவிட எந்தப் பேர் பொருந்தும்? தங்கத் தூறல். அந்த நிமிஷம் நானே ஒரு கவிஞன் என்று நினைத்துக்கொண்டேன். சார்கூட என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்காரியிடம் தாளைக் காட்டினேன். வரிசையாகப் படித்தாள். எம்புட்டு முயன்றும் பாதி அவள் வாயில் நுழையவில்லை, ஆனால் அதுவே அவளுக்குப் பிடித்திருந்தது.

"கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணு இருந்துச்சு. சாரு இருமியே வெளிய தள்ளிட்டாரு."

"எல்லாத்துக்கும் அர்த்தம் கேட்டீகளா?"

"எல்லாம் நல்ல அர்த்தம்."

வேலை அவசரத்தில் அவளும் மேலே கேட்கவில்லை.

எங்கள் ஊரில் படமில்லாமல் லேபிள் கிடையாது. பட்டாசு வாங்குகிறவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைப் படிக்கிறார்கள். அதனால் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற தம்பி ஒவ்வொரு பேருக்கும், "என்ன படம்ணே?" என்று கேட்டான். நான் சொல்லச் சொல்லப் போட்டான். டிஸ்ஸர்டுக்குக் குல்லா வைத்த ஒரு பயலைப் போட்டான், மூக்கு என் மூக்கு. மிஸ்ஸிலுக்கு ஒரு சின்னப் பெண் மஞ்சள் குடை பிடித்து நிற்கிறாள், சுற்றி வெள்ளிக் கோடாகத் தூறல் சரிந்து விழுகிறது. பத்திலேயே அழகான லேபிள் அதுதான். அந்தக் கட்டுக்கு மட்டும் நான் மெஷினை மெதுவாக ஓட்டி, ஒவ்வொன்றையும் ஊதி ஊதி எடுத்து அடுக்கினேன்.

லோடுக்கு முந்தின நாள் காலையில் லேபிள் கட்டுகளை மொபெட்டில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் செருப்பைக் கழற்றச் சொல்லி, செல்போனை வாங்கிவைத்து, பீடி தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். வெளியே களத்தில் வெடிமருந்து அடைத்த சரக்கு தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள் பெண்கள் எல்லாரும் சுற்றி வந்துவிட்டார்கள். கட்டைப் பிரித்ததும் ஒரே பளபளப்பு.

"அண்ணே, தங்கம் நெசத் தங்கமா?"

"நெசத் தங்கம்னா நான் ஏன் மொபெட்டுல வாரேன்?"

"அக்கா, இந்தக் குல்லாக்காரன் நம்ம அண்ணன் மாதிரியே இருக்கான் பாரு."

"மாதிரி என்ன, அவருதான்" என்றாள் என் வீட்டுக்காரி. அப்படி அவள் முகம் மலர்ந்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

அப்போதுதான் குடைக்காரி வெளியே வந்தாள். லேபிள் கை மாறி மாறிப் போனது. சிரிப்புக் குறைந்துகொண்டே வந்தது. ஷெட்டிலேயே மூத்தவர் ஒரு பெரியம்மா, வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ஏய்யா, இந்தப் புள்ள எதுக்குக் குடையப் பிடிச்சிருக்கு?"

"தூறுதுல்ல பெரியம்மா. பேரே அதான். மிஸ்ஸில்னா..."

வீட்டுக்காரி கண்ணால் எத்தனையோ சொன்னாள். என் வாய்க்குக் கண் இல்லை. "...தூறல்" என்று முடித்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாசுக் களத்தில் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். காய்கிற சரக்கின் மேல் ஒரு பொட்டு விழுந்தாலும் பல நாள் வேலை போய்விடும், மருந்து ஈரமானால் ஆபத்தும்கூட. அதனால் மேகம் கூடினால் அவர்கள், "மாமியா வர்றா" என்பார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடுவார்கள். வீட்டிலும் அந்தப் பேச்சுதான். கல்யாணமான புதிதில் இவள் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் எடுங்க, மாமியா வர்றா" என்றபோது, இவள் மாமியார் என்றால் எங்கம்மா அல்லவா என்று நான் பீடியை அணைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். துணி முழுக்க நனைந்தது.

இவ்வளவு தெரிந்தும் என் மண்டையில் ஏறவில்லை. அச்சாபீஸ்காரனுக்கு மழை என்றால் டீக்கு நல்ல நேரம். களத்துக்காரிகளுக்கு அப்படியா? வாயால் சொல்லக் கூடாததைப் படம் எழுதி, தங்கம் பூசி, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அவர்கள் நடுவில் வைத்திருக்கிறேன்.

பெரியம்மா லேபிளைக் கீழே வைத்துக் கையைச் சேலையில் துடைத்தார். "இத நாங்க ஒட்ட மாட்டோம் தாயி."

"களத்துல இன்னும் சரக்கு காயுது" என்றாள் ஒரு சின்னப்பெண். "அதுக்குப் பக்கத்துலயா இத வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"படத்த மட்டும் மாத்திக் கொண்டாரேன். பேரு இங்கிலீஷ்தான், யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எங்களுக்குத் தெரியும். இப்பத்தான சொன்னீக."

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இந்தக் காலத்துல போயி இதெல்லாம் பாக்கலாமா? பேருல என்னம்மா இருக்கு?" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு தடவை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எப்படியோ பாருங்க. பெட்டி மேல பத்து ஐட்டம்னு அடிச்சாச்சு, ஒன்பது வச்சு அனுப்ப முடியாது. நாளைக்குக் காலையில லோடு. கடைக்காரர் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் என் வீட்டுக்காரியைப் பார்த்தார்கள். ஒட்டுங்கள் என்று அவள் அதட்டினால் அவர்கள் ஒட்டியிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காண்ட்ராக்ட் ஒரு கை தூரத்தில் இருந்தது. அவள் அந்தக் கட்டை எடுத்து என் கையில் திரும்ப வைத்தாள்.

"நானும் தொட மாட்டேன்" என்றாள். பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அப்ப என்ன பேருதான் வைக்கச் சொல்றீக?" என்று கேட்டாள்.

"வெயிலுன்னு வைய்யி. அதவிட நமக்கு என்ன வேணும்?"

கேட் வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். திட்டுவாள் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை.

"அந்த மூணு எழுத்துக்குள்ள வெயிலக் கொண்டு வாங்க. எனக்கு இது வேணுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எனக்கு வேண்டும் என்று கேட்டது அந்த ஒன்றுதான். செருப்பை மறந்துவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

அச்சாபீஸில் சார் இல்லை. அன்றைக்கு அரைநாள் லீவாம், பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் விசில் கொடுக்கப் போகிறார். நான் வெறும் காலோடு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூவினேன்.

"சார், வெயிலுக்கு ஒரு வார்த்தை. நம்ம மூணு எழுத்து."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் ஜன்னலை மூடியிருப்பார்கள். சார் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவரும் பைத்தியம்தான், நல்லவேளை.

அச்சாபீஸுக்குப் போகிற வழியெல்லாம் பின்சீட்டில் அவருடைய வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"பிளிஸ்ஸர்ட். ம்ஹூம், அது பனிப்புயல்."

"அதைச் சொன்னா என்னைக் களத்துலயே காயப்போட்டுருவாக சார்."

"கிஸ்ஸர்ட். கோழி வயித்துக்குள்ள இரையை அரைக்கிற பை."

"பசி வேற சார், கோழி வேண்டாம்."

சாருடைய மேஜை மேல் செங்கல் மாதிரி நாலைந்து டிக்‌ஷனரி. ஒன்று மாற்றி ஒன்று புரட்டினார். டிசைன் தம்பியும் மெஷின்காரர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள், ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி. சூரியனுக்கு உள்ள வார்த்தையில் இசட் இல்லை. சூட்டுக்கு உள்ளதில் ஒரு இசட்தான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை. நான் பிளாக்கைச் சூடுபண்ணி வைத்துவிட்டு, அதற்கு மேல் செய்ய ஒன்றும் தெரியாமல் சாருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சாருடைய விரல் ஒரு இடத்தில் நின்றது. வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"ரிஸ்ஸர். ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய வார்த்தை. வெயில்ல காயப்போடுறது."

"சார்."

"மீனை."

"மீனை விட்ருவோம் சார். காயப்போடுறது போதும்."

"அங்கன ஏது சார் அம்புட்டு வெயிலு?" என்று கேட்டார் கட்டிங் மெஷின்காரர்.

"அதான் வார்த்தையே செத்துப்போச்சு" என்றார் சார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம்.

டிசைன் தம்பி உட்கார்ந்தான். சூரியன், பெரிதாக, லேபிள் முழுக்க.

"ஓரத்துல ஒரு சின்ன மேகம் வச்சா அழகா இருக்கும்ணே."

"தம்பி, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. வைக்காத."

மற்ற வேலைகளை ஓரங்கட்டிவிட்டு முதலாளியே நின்று ஓட்டச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் நான் கடைசித் தாளில் மூன்று எழுத்தையும் அழுத்திவிட்டேன். இருட்டுவதற்குள் கட்டு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் பேக்கிங் தொடங்கியது. நானும் போயிருந்தேன், தள்ளி நின்றேன். பெரியம்மா சூரியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

நான் முதலில் வீட்டுக்காரியைப் பார்த்தேன். சொல்லலாம் என்று தலையசைத்தாள்.

"வெயில்ல காயப்போடுறது பெரியம்மா."

"எத?"

தொண்டை வரைக்கும் மீன் வந்துவிட்டது. "எதைப் போட்டாலும்" என்றேன்.

"நம்ம தொழிலத் தெரிஞ்சவன் வச்ச பேரு" என்று சொல்லி, முதல் லேபிளை அவரே ஒட்டினார். அதற்கப்புறம் ஷெட்டில் ஒட்டுகிற சத்தமும் பெட்டி மூடுகிற சத்தமும்தான். லாரி வந்து நின்றபோது கடைசிப் பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து ஐட்டமும் உள்ளே. தார்ப்பாயை இழுத்துக் கட்டி, விருதுநகர் ரோட்டில் லாரி திரும்பிய பிறகுதான் என் வீட்டுக்காரி உட்கார்ந்தாள். அண்ணாச்சி அங்கேயே, எல்லார் முன்னாலும், "காண்ட்ராக்ட்டு உனக்குத்தாம்மா" என்றார்.

குடைக்காரி லேபிளை ஷெட்டில் வைத்துக்கொள்ள யாரும் சம்மதிக்கவில்லை. கட்டோடு அச்சாபீஸுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றைச் சார் கேட்டு வாங்கி டிக்‌ஷனரிக்குள் வைத்துக்கொண்டார். மிச்சம் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் டீக்கடைக் கணக்கெழுதப் போய்விட்டது.

இப்போது அடுத்த சீசன். கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தால் ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாகக் கால்கள் நீண்டு கிடக்கின்றன. போன வாரம் ஒரு வேலையாகப் போனபோது பார்த்தேன். நடுவில் இருந்தவள் எழுந்திருக்கவும் இல்லை, "சாப்பிட்டீகளா?" என்று படுத்தவாக்கிலேயே கேட்டாள். காண்ட்ராக்டர்.

கடையில் பெட்டி நன்றாகப் போனதால் இந்த வருஷமும் அதே மூன்று எழுத்தில் புதுசாகப் பத்துப் பேர். ஆனால் ஏற்பாடு மாறிவிட்டது. அவள் நேராகச் சாரிடம் வந்து பேசுகிறாள். அர்த்தத்தைக் களத்துக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் சொல்லி, அவர் சரி என்றால்தான் பேர். படத்தைத் தம்பியிடம் அவளே சொல்லிவிடுகிறாள். பொன் பூசுவது மட்டும் என் வேலை. பத்தையும் அடித்து முடித்துவிட்டேன், ஒன்றுக்கும் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சாரிடம் கேட்டால், "வீட்ல கேட்டுக்கோப்பா" என்கிறார். வீட்டில் கேட்டால், "மொதல்ல லோடு ஏறட்டும்" என்கிறாள்.